கரிச்சி உருக மறுத்த கதை

அந்தக் காலத்தில், பூமியே இன்னும் திரண்டு முடியாதபோது, வானத்துக் கற்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் கரிச்சி என்றொருத்தி. இளஞ்சூரியனின் சூட்டில் உருகித் தெறித்த கல்துளிகள் கடுகு கடுகான மணிகளாக உறைந்து நாதியில்லாமல் அலைந்தன. கரிச்சி அந்த மணிகளைத் தூசியோடு வாரி மடியில் வைத்துக்கொண்டாள். இரும்புத் துணுக்குகளும் வந்து ஒட்டிக்கொண்டன. எல்லாரையும் பிள்ளைகள் என்றே கூப்பிட்டாள்.

பக்கத்தில் உருக்கன் என்றொரு பெரிய கோளம். தான் உருகிவிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"உருகினால்தான் மரியாதை. இரும்பு அடிவயிற்றுக்குப் போகணும், லேசான கல் மேலே வரணும். அதுதான் முறை. நீயும் உருகு. இல்லேன்னா நானே வந்து உன்னை விழுங்குவேன்."

"என் பிள்ளைகளைப் பிரிச்சு வைக்க நீ யாருடா?" என்றாள் கரிச்சி.

ஆபத்து என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்துகொள்வது கற்களின் வழக்கம். கரிச்சியும் அக்கம்பக்கத்துத் தூசியையும் கல்லையும் இழுத்துப் போர்த்தி மலையாகப் பெருத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். அந்தத் தூசிக்குள் கனல் ஒளிந்திருந்தது. போர்வை கனக்கக் கனக்க, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே ஏறியது.

"ஆத்தா, வேகுது! என் விளிம்பெல்லாம் கரையுது!" என்று அடிவயிற்றிலிருந்த மணி ஒன்று அலறியது.

"எனக்குக் கால் நழுவுது, என்னை விட்டுடாதே ஆத்தா!" என்றது பக்கத்து இரும்பு.

உருக்கன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் தொடவே வேண்டாம் போலிருக்கே. நீயே உருகிடுவே."

கரிச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உருகினா உன்னை மாதிரி ஆயிடுவேன். அதுக்கு உடைஞ்சே போறேன்!"

எதிரே ஒரு பாறை பாய்ந்து வந்தது. அவள் விலகவில்லை, நெஞ்சைக் கொடுத்தாள். சுக்குநூறாகச் சிதறினாள். அடைபட்டிருந்த சூடு வெளியேறியது, பிள்ளைகள் பிழைத்தார்கள். எந்தச் சில்லைத் துரத்துவது என்று தெரியாமல் உருக்கன் திணறினான்.

"இனி உனக்குக் கோள் என்ற பேரும் கிடையாது, நிற்க இடமும் கிடையாது!" என்று கத்தினான்.

"வேண்டாம் போடா!" என்றது ஒவ்வொரு சில்லும்.

மேல்தோல் சில்லுகளில் மணிகள் முத்துமுத்தாகத் தெளிவாக நின்றன. அடிவயிற்றுச் சில்லுகளில் விளிம்பு மங்கிப்போனாலும் மணிகள் இடத்தை விட்டு அசையவில்லை. இதைப் பார்த்த மற்ற கற்களும் துணிந்துவிட்டன. இரும்பு மிகுந்தவளும், இரும்பு குறைந்தவளும், கரியும் ஈரமும் சுமந்த தூரத்துக்காரியும் உருகமாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள்.

இவர்கள் எல்லாருடைய சில்லுகளும் எப்போதாவது பூமியில் விழுகின்றன. இரும்பு எவ்வளவு, கரி எவ்வளவு, மணி எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்த்து, படித்தவர்கள் அவற்றை இனம் இனமாகப் பிரித்து வைக்கிறார்கள். பிரிக்கட்டும். எந்தச் சில்லை வேண்டுமானாலும் அறுத்துப் பாருங்கள்: அன்று போலவே இன்றும் அதற்குள் இரும்பும் கல்லும் தூசியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, எழுந்திரு என்று சொல்ல இன்னும் எவனாலும் முடியவில்லை.