நூல் தெரியாத தாயத்து

“மாஸ்டர், நான் போட்டதிலேயே நல்ல படம் இதுதான். பார்த்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா இது முன்னாடி நின்னா எனக்குப் பயமா இருக்கு. ஏன்?”

கேட்டவர் பூவராகன். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு தூரிகை பிடித்தவர். கேட்டது அமலதாசனிடம். புதுச்சேரியில் ஒரு மாடி அறையில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். பூவராகனின் மகன் வயதுதான் இருக்கும். ஆனால் அந்த அறைக்குள் வயது, பென்ஷன் எதுவும் செல்லாது.

படம் ஆளுயரம் இருந்தது. பூவராகனின் சொந்த நெஞ்சு எக்ஸ்ரே. இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது எடுத்தது. அதைப் பெரிதாக அச்சடித்து, விலா எலும்புகளுக்கு நடுவே நீலம் பூசி, பின்னால் விளக்கு வைத்திருந்தார்.

நுரையீரலின் மேல் ஒரு தாயத்து தெரிந்தது. எக்ஸ்ரேயில் உலோகம் விழும், நூல் விழாது. அதனால் தாயத்து எதிலும் தொங்காமல், எலும்புகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று அந்தரத்தில் நின்றது.

அழகுதான். பொய் சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. வாசலுக்கு நேரே இந்தப் படம்தான் என்று முடிவாகியிருந்தது.

அமலதாசன் படத்துக்குப் பக்கத்தில் போனார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் உள்ளங்கையால் அங்கங்கே மறைத்துப் பார்ப்பார். மறைத்த பிறகும் படம் நின்றால், அந்த இடம் படத்துக்குத் தேவையில்லை. அந்தக் கைக்குப் பயந்தே பாதி மாணவர்கள் ஓடிப்போயிருந்தார்கள்.

தோள்பட்டையை மறைத்தார்.

“இது இல்லாமலும் நிக்குது.”

நீலத்தை மறைத்தார்.

“இதுவும் வேண்டாம்.”

இதயம் இருந்த இடத்தை மறைத்தார்.

“அட, இது இல்லாமலும் நிக்குது சார்.”

பூவராகன் ஓரடி கிட்டே வந்தார்.

கை தாயத்தின் மேல் போனது.

“அதை மறைக்காதீங்க மாஸ்டர்!”

கத்தியே விட்டார். அப்புறம் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அமலதாசன் கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

“சரி. இது எதை மறைக்குது?”

பூவராகன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எக்ஸ்ரே எடுக்கிறவர் இதைக் கழட்டச் சொன்னார். கழட்டிட்டேன்னு சொல்லிட்டு முதுகுப் பக்கம் தள்ளி விட்டுட்டேன்.”

“முதுகுப் பக்கமா?”

“முன்னாடி இல்லைன்னா விழாதுன்னு நெனச்சேன்.”

அமலதாசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“படம் கெட்டுப்போச்சுன்னார். தாயத்து ஓரத்துல ஏதோ நிழல் மாதிரி தெரியுதாம். அதுக்கு அடியில எவ்வளவு இருக்குன்னு பார்க்கணுமாம். கழட்டிட்டு வாங்க, மறுபடி எடுக்கலாம்னார்.”

“போனீங்களா?”

“வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். அவ்வளவு அழகா இருந்துது மாஸ்டர். உடனே வேலையை ஆரம்பிச்சுட்டேன்.”

“வீட்ல என்ன சொல்லியிருக்கீங்க?”

“சளின்னு.”

சொல்லும்போதே இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. அமலதாசன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“கழட்டறதுல என்ன கஷ்டம் சார்?”

“எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே நாள்ல தர்காவுல மந்திரிச்சுக் கட்டினது. காலேஜ்ல கேலி பண்றாங்கன்னு அண்ணன் கழட்டிப் போட்டான். அந்த வருஷமே மஞ்சக்காமாலையில போயிட்டான்.”

தம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது மாஸ்டர். கைதான் போக மாட்டேங்குது.”

நம்பிக்கை கிடையாது என்று சொன்னவரின் கை, சட்டைக்கு மேலாகத் தாயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அமலதாசன் எழுந்து போய் விளக்கை அணைத்தார். எலும்பும் நீலமும் தாயத்தும் ஒன்றாக அணைந்து, ஒரு கறுப்புத் தாள் மட்டும் சுவரில் நின்றது.

திரும்பி வந்தார். ஸ்டூலுக்கு முன்னால் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கழுத்தைக் குனிந்து காட்டினார்.

பூவராகன் பதறிப்போனார்.

“என்ன மாஸ்டர் இது?”

“கட்டி விடுங்க.”

“எதை?”

“நீங்க போய் மறுபடி எக்ஸ்ரே எடுத்துட்டு வர்ற வரைக்கும் தாயத்து சும்மா கிடக்க வேண்டாம். என் கழுத்துல இருக்கட்டும்.”

“உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? சிலுவை வேற போட்டிருக்கீங்க.”

“அது பாட்டுக்கு அது கிடக்கும். இது பாட்டுக்கு இது கிடக்கும். கழட்டுங்க சார், முட்டி வலிக்குது.”

பூவராகனின் கைகள் பின்னங்கழுத்துக்குப் போயின. திரும்பி வந்தன. மறுபடி போயின. முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். அமலதாசன் குனிந்தபடியே இருந்தார். அவசரப்படுத்தவில்லை.

ஒரு வழியாக நூல் அவிழ்ந்தது.

அதை அமலதாசன் கழுத்தில் கட்டி முடித்ததும் பூவராகன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். வெறும் சட்டைதான் கையில் பட்டது. மூச்சை இழுத்தார், விட்டார். இழுக்க முடிந்தது, விட முடிந்தது.

செருப்பை மாட்டியவர் வாசலில் நின்றுவிட்டார்.

“மாஸ்டர், புதுசா எடுக்கிற படம் அழகா இல்லைன்னா?”

“ஸ்கேன் சென்டரை ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடிடுவாங்க. கிளம்புங்க.”