வெண்கல ஆசனமும் கைத்தடிப் பூணும்

முன்னொரு காலத்தில், மார்கழி வந்தால் விளக்கு எண்ணெய்கூட உறைந்துபோகிற கூதல்மலை நாட்டை நெடுவழுதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒருநாள் திடீரென்று, "மர ஆசனம் அலுத்துவிட்டது" என்றார். பிரதானி பவழநாதர் அவசர அவசரமாக வெண்கலத்தில் ஒன்று வார்த்துக் கொடுத்தார். மந்திரி நக்கண்ணனாரைவிடத் தனக்கே ராஜாவிடம் நல்ல பெயர் வேண்டும் என்பது அவர் கவலை.

மறுநாள் விடியற்காலை ராஜா புது ஆசனத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"அப்பப்பா! என்னய்யா இப்படிச் சில்லிடுகிறது?"

பழி தன் தலையில் விழுமே என்று பவழநாதர் பதறினார். சபையைப் பெருக்கித் துடைக்கும் செம்பியைக் கை காட்டினார். "மகாராஜா, இவள்தான் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்திருக்கிறாள்! பக்கத்திலிருக்கும் மர ஆசனத்தைத் தொட்டுப் பாருங்கள். அது இப்படி இல்லையே!"

ராஜா தொட்டார். உண்மைதான். "இவளை இன்றே நாடு கடத்துங்கள்!"

"சாமி, நான் ஈரத்துணிகூட வைக்கலையே!" என்று செம்பி அழுதாள். "இந்தக் குளிர்ல கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

நக்கண்ணனார் மெல்ல எழுந்தார். "பவழநாதரே, உங்கள் கைத்தடி ராத்திரி எங்கே இருந்தது?"

"என் வீட்டுக் கதவு மூலையில். ஏன்?"

"செம்பி அங்கே வந்தாளா?"

"இவளா? என் வாசற்படியை மிதிப்பாளா? நல்ல கேள்வி!"

மந்திரி தடியை வாங்கி ராஜாவிடம் நீட்டினார். ராஜா தடியின் மரத்தைத் தொட்டார்; குளிர் ஒன்றும் தெரியவில்லை. அடியிலிருந்த வெண்கலப் பூணைத் தொட்டார், விரல் விறைத்தது.

"ஒரே தடி, ஒரே மூலை. பூணுக்கு மட்டும் யார் தண்ணீர் ஊற்றியது, பவழநாதரே?"

ராஜாவுக்குக் கோபம் போய் ஆவல் பிறந்துவிட்டது. "அப்படியானால் இந்தக் குளிர் எங்கிருந்துதான் வருகிறது?"

"எங்கிருந்தும் வரவில்லை, மகாராஜா. உங்கள் சூடுதான் போகிறது. பூணைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடியுங்கள்."

ராஜா பிடித்தார். சபையே எட்டிப் பார்த்தது. "அட, வெதுவெதுப்பாகிவிட்டதே!"

"அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் கிடந்த மரமும் வெண்கலமும் ஒரே அளவுதான் குளிர்ந்திருக்கும். மரம் நம் சூட்டை மெல்ல மெல்ல வாங்கும். வெண்கலம் தொட்டவுடனே வாரிக்கொண்டு தன் உடம்பெல்லாம் பரப்பிவிடும். சூடு அப்படி ஓடுவதைத்தான் நம் தோல் குளிர் என்கிறது."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. தம் சால்வையை எடுத்துச் செம்பியின் குழந்தைக்குப் போர்த்தினார். மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தார். பிறகு பவழநாதரைப் பார்த்தார்.

"ஆசனத்துக்கு யாராவது சூடு கொடுத்தாக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வார்த்தவர் நீர்தானே? தினமும் விடியுமுன் வந்து, நான் வரும்வரை நீரே உட்காரும்!"

ஒருநாளாவது ராஜ ஆசனத்தில் உட்கார வேண்டும் என்று பவழநாதருக்கு ரகசிய ஆசை ஒன்று உண்டு. அந்த மார்கழி முழுக்க உட்கார்ந்தார். பல் கிடுகிடுக்கிற சத்தம் கோட்டை வாசல்வரை கேட்டதாம்.