சபைக்கு வந்த காளை

மருதங்குளம் ஜமீனில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. அவர்களுக்காக ஓர் ஆண்தான் பேச வேண்டும்.

சீனித்தாயின் புருஷன் இறந்த மறுமாதமே, கொழுந்தன் அவள் நிலத்தில் ஏரைப் பூட்டிவிட்டான். முறையிடப் போனவளை ஜமீன்தார் பேசவே விடவில்லை.

"போய் ஒரு ஆம்பளையக் கூட்டிட்டு வா. அவன் பேசட்டும்."

கொழுந்தனுக்குப் பயந்து ஊரில் ஒருத்தனும் வரவில்லை. மறுநாள் நிறைந்த சபைக்குள் தன் செவலைக் காளையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன கொழுப்பு உனக்கு! மாட்டை எதுக்குடி இங்க கொண்டாந்தே?" என்று சீறினார் ஜமீன்தார்.

"ஆம்பளைதான் வேணும்னீங்க எசமான். எங்க வீட்டுல மிச்சமிருக்கிற ஆம்பளை இவன்தான்."

"மாடு பேசுமாடி?"

"அப்போ ஆம்பளையா இருந்தா மட்டும் போதாது, பேசவும் தெரியணும்னு சொல்றீங்க. எனக்குப் பேசத் தெரியும் எசமான். பேசட்டுமா?"

சபையே கொல்லென்று சிரித்தது. ஜமீன்தார் மீசையைத் தடவினார், மோட்டுவளையைப் பார்த்தார், கடைசியில், "சொல்லித் தொலை" என்றார்.

சீனித்தாய் நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னாள். ஜமீன்தார் உத்தரவிட, கொழுந்தன் ஏரை அவிழ்த்துக்கொண்டு போனான். நிலம் அன்றைக்கே அவள் கைக்கு வந்தது.

அடுத்த சபை நாளில் வாசல் கொள்ளாமல் பெண்கள் வந்து நின்றார்கள். துணைக்கு ஆண் எங்கே என்று கேட்க ஜமீன்தாருக்குத் துணிச்சல் வரவில்லை.