பின்சுற்று

அடுப்புக்குள் போன விறகை நல்லபெருமாள் வெளியே இழுத்தார். ஒரு முனை அதற்குள் கருகியிருந்தது. தண்ணீர் தெளித்து, புகையடங்காத கட்டையைச் சுடலைமுத்துவின் காலடியில் போட்டார்.

"பூவரசு. யோகக்காரர்தான் வே நீரு. முந்தின குரு காலத்துல ஒருத்தருக்குக் கருவேலம் வந்துது. மூணு உளியை முறிச்சுப்போட்டு மனுசன் ஊருக்கே திரும்பிட்டாரு."

ஆற்றங்கரை மடத்தில் அப்படி ஒரு வழக்கம். காவி வாங்குகிறவர் தன் பிச்சை ஓட்டைத் தானே கடைந்துகொள்ள வேண்டும். அதுவும் அன்றைக்குச் சமையலுக்கு எரிகிற விறகிலிருந்து. விறகை எடுத்துக் கொடுப்பது சமையற்காரரின் பொறுப்பு. கட்டையைச் சுழற்றக் கயிறு இழுப்பது குருவின் வேலை.

சுடலைமுத்துவுக்கு இதில் பயமில்லை. அறுபது வயதில் நாற்பது வருஷம் கடைசல் பட்டறையில் போயிருந்தது. தொட்டில் கிலுகிலுப்பை, கட்டில் கால், பூரிக்கட்டை என்று அவர் கை படாத சாமான் கிடையாது. மடத்துக்கு வந்து ஆறு மாதமாகிறது. உறக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

குரு கோமதியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். மடத்தை ஏற்றபின் காவி கேட்டு வந்த முதல் ஆள் சுடலைமுத்துதான். அதனால் கயிற்றைக் கையில் வாங்குவதும் கோமதியம்மாவுக்கு இதுதான் முதல் தடவை.

சுடலைமுத்து வாய்ச்சியால் கட்டையை உருட்டாகச் செதுக்கி, அடுப்படிக்கு எதிரே நட்டிருந்த கடைசல் உருளையின் முனையில் அறைந்து நிறுத்தினார். உருளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனிகளையும் குருவிடம் கொடுத்தார்.

"வலது கையால ஒரு இழுப்பு. அப்புறம் இடது கையால ஒரு இழுப்பு. மோர் கடையிற மாதிரிதாம்மா."

"அவ்வளவுதானா அண்ணாச்சி?"

"அவ்வளவுதான். வலது இழுப்புக்குக் கட்டை என் பக்கமாச் சுத்தும். உளி வெட்டும். இடது இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். அது பின்சுத்து. அந்தக் கவலை என்னோடது, நீங்க பாட்டுக்கு இழுங்க."

கோமதியம்மா இழுத்த இழுப்பில் உருளை திமிறியது.

"மெதுவாம்மா, தேரா இழுக்கோம்?"

அடுப்படியிலிருந்து நல்லபெருமாள் சிரித்தார். கோமதியம்மாவும் சிரித்துவிட்டுக் கையைத் தளர்த்தினார். அதன்பின் இழுப்பு சீராக வந்தது.

சர்ர். ஓய்வு. சர்ர். ஓய்வு.

பட்டை போயிற்று. மஞ்சள் வெளிமரம் போயிற்று. உள்ளே கருஞ்சிவப்பாக மரத்தின் வைரம் தெரிந்தது. புறத்தை முடித்துக் குழியைத் தோண்ட ஆரம்பித்தார். கருகிய இடம் விளிம்பில் ஒரு ஓரமாக மட்டும் மிஞ்சியது. அதை அவர் சீவவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"நாளைக்குக் காவி கட்டிட்டா, மக நினைப்பு போயிருமா?"

கயிறு நிற்கவில்லை. "மகளுக்கு என்ன?"

"அவ ரெண்டாம் பிள்ளை பெத்துப் பதினோரு நாள். அவ இருக்கது மாப்பிள்ளை ஊர்ல. இங்க என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது. சொன்னா அலறி அடிச்சுக்கிட்டு பஸ் ஏறிருவா. பச்சை உடம்பு, ஜன்னி கண்டா என்ன செய்யன்னு நான் சொல்லி விடலை. நாலு நாள் சொல்லலை. அஞ்சாம் நாள் சொல்லும்போது, சொல்ல வேண்டிய சேதியே வேற ஆயிப்போச்சு."

சர்ர். ஓய்வு.

"முகம் பாக்க வந்தாளா?"

"வந்தா. அம்மா முகத்தைப் பாத்தா. எம்முகத்தைப் பாக்கலை."

"அப்புறம்?"

"வாரம் தவறாமப் போனேன். போய் நின்னு, உன் நல்லதுக்குத்தானே தாயி செஞ்சேன்னு சொன்னேன். மொதல்ல செம்புல தண்ணி குடுத்தா. அப்புறம் மாப்பிள்ளை மட்டும் வந்து பேசினாரு. கடைசியாப் போனப்போ நான் தெருமுனை திரும்பையிலேயே கதவைச் சாத்திட்டா. நானும் விடலை. கதவைத் தட்டித் தட்டித் தட்டி..."

படக்கென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து சில்லு பெயர்ந்து பறந்தது. நல்லபெருமாள் களைந்து வைத்திருந்த அரிசியில் போய் விழுந்தது.

"நாப்பது வருஷத்துக் கையாம்லா!" என்றார் நல்லபெருமாள். சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் குனிந்து அரிசியைத் துழாவிச் சில்லை எடுத்து வெளியே போட்டார்.

கோமதியம்மா கயிற்றை நிறுத்தினார். "என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"பின்சுத்துல உளியை அழுத்திட்டேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "நேத்து வேலைக்கு வந்தவன்கூட இதைச் செய்ய மாட்டான்."

"பின்சுத்துல என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. உளியை எடுத்துரணும்."

"எடுத்துக் கீழ வச்சிருவீங்களா?"

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. தொழில் தெரியாதவர்களின் கேள்வி.

"கீழ வச்சா எப்படிம்மா? அடுத்த இழுப்புக்குக் கட்டை திரும்பி வரும்லா? அப்போ உளி அங்க இருக்கணும். ஒரு மயிரிழை தள்ளி, தொடாமப் பிடிச்சுக்கிட்டே..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

உளி அவர் கையிலேயே இருந்தது. கதவைத் தட்டியதும் அதே கைதான்.

கிண்ணத்தை உருளையிலிருந்து தட்டிக் கழற்றினார். சில்லு போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"மூளியாப் போச்சு. பிச்சைக்கு ஆகாது."

"உப்புக்கு ஆகும், இங்க கொண்டாரும்," என்றார் நல்லபெருமாள். "எத்தனை நாளைக்குத்தான் சிரட்டையில வச்சுப் புழங்க?"

சுடலைமுத்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். குருவின் முன்னால் வெறுங்கையோடு நின்றார்.

"அப்போ நாளைக்கு வேற விறகு எடுக்கணுமாம்மா?"

கோமதியம்மா கயிற்றை உருளையிலிருந்து பிரித்து, நிதானமாகச் சுருட்டினார். சுருட்டியதை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க மக வீடு எந்தத் தெரு அண்ணாச்சி?"

"வாய்க்கால் தெரு."

"அதுக்கு அடுத்த தெருவுல, ஒரு கடைசல் பட்டறை போட இடம் கிடைக்குமான்னு விசாரிங்க."