கலப்பைக்குக் குடை பிடித்த கோணலூர்

கோணலூர்க்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்ன சொல்லை இம்மி பிசகாமல் நிறைவேற்றும் ஊர் இந்தச் சீமையில் வேறு எங்கே இருக்கிறது?

பழைய கலப்பைகளைத் தேடி ஊர் ஊராக அலைகிற அருங்காட்சியக அதிகாரி அருட்செல்வன் ஒருநாள் அங்கே வந்தார். விவசாயி மாசானத்தின் கலப்பையைப் பார்த்ததும் சொக்கிப்போனார். அவனுடைய பூட்டன் காலத்துக் கருவேலங்கட்டைக் கலப்பை அது. ஊர்ப் பெருமையாக இருக்கட்டும் என்று அதை, மூட்டை அடுக்கும் பஞ்சாயத்துக் கிட்டங்கியின் நடுவே, உழுகிற வாக்கிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.

பிறகு ஊர்த் தலைவர் சோலையப்பனிடம் சொன்னார்: "இது பொக்கிஷம். இனிமே இதை அசைக்கக் கூடாது. யாரும் தொடக் கூடாது. வெயிலும் மழையும் படவே கூடாது. அறுவடை சமயத்துல வந்து பார்ப்பேன்."

மாசானத்துக்கு அன்றெல்லாம் பெருமை தாங்கவில்லை. மறுநாள் நல்ல மழை. உழுவதற்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவன் பாதி வழியில் திகைத்து நின்றான். அப்படியே திரும்பித் தலைவர் வீட்டுக்கு ஓடினான்.

"என் கலப்பையைக் கொடுத்துட்டேனே! ஊர்ல வேற கலப்பை கிடையாது. என் வயலுக்கு டிராக்டர் வரப் பாதையும் கிடையாது. உளுந்து விதைக்கலேன்னா பிள்ளைகளுக்கு என்னத்தைப் போடுவேன்?"

அது நிஜமான அழுகை. எனக்கே பாவமாக இருந்தது.

ஊர் கூடியது.

"கலப்பை வயலுக்குப் போகக் கூடாது" என்றார் தலைவர்.

"வயலு உழாமயும் கிடக்கக் கூடாது" என்றாள் மாசானத்தின் மனைவி கிளியம்மா.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் எல்லாரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். சாப்பாட்டு வேளையும் தாண்டிப்போனது. தலைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"கலப்பையைத்தானே அசைக்கக் கூடாதுன்னாரு? வயலை அசைக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

ஊரே கைதட்டியது.

கூடை கூடையாக வயலை அள்ளிக் கிட்டங்கிக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய தார்ப்பாயில் மண்ணைக் கொட்டி, பாயில் மாடுகளைப் பூட்டி, கலப்பையின் கொழுவுக்கு அடியில் இழுத்தார்கள். கலப்பை அசையவில்லை. வயல்தான் ஓடியது. இப்படியே மொத்த வயலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது உழவு முடிந்தது. தார்ப்பாயும் முடிந்தது.

மண்ணைத் தரையெங்கும் பரப்பி விதைத்தார்கள். உளுந்து முளைத்தது, ஆனால் காமாலை கண்டதுபோல் வெளுத்துக் கிடந்தது.

"வெயில் இல்லாம எப்படி வளரும்?" என்றாள் கிளியம்மா.

"வெயில் படக் கூடாதுன்னு உத்தரவாச்சே!" என்றார் தலைவர்.

"அது கலப்பைக்கு. உளுந்துக்கு யாரு சொன்னா?"

உடனே கிட்டங்கியின் ஓடுகளைப் பிரித்து இறக்கினார்கள். உத்தரவை மீறாமல் கலப்பைக்கு மேலே குடையும் பிடித்தார்கள். பகலெல்லாம் தலைவரே பிடித்தார், அதுவும் கலப்பையில் கை படாமல். அவர் மகளைப் பெண் கேட்க வந்தவர்களும் அங்கேயே உளுந்துக்கு நடுவே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள்.

அறுவடை சமயத்தில் அருட்செல்வன் வந்தார். வயல் இருந்த இடத்தில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்தால் கூரையைக் காணோம். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கலப்பையைத் தேடினார். காய்த்துக் குலுங்கிய உளுந்துச் செடிகளுக்கு நடுவே, குடை நிழலில், அது துளி கீறல் இல்லாமல் நின்றது. அந்த மனுஷனுக்குத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை.

"மாசானம், உன் கலப்பையை வாங்கிக்கிட்டோமேன்னு எனக்கு உறுத்தலாவே இருந்துச்சு. இந்தா, புதுசு கொண்டுவந்திருக்கேன். இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம்."

மாசானம் புதுக் கலப்பையைக் கட்டிக்கொண்டு அழுதான். இந்தத் தடவை சந்தோஷ அழுகை. பிறகு அதைத் தோளில் தூக்கிப்போய்ப் பழைய கலப்பைக்குப் பக்கத்திலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தினான்.

"அங்க ஏன்ப்பா வைக்கிற? உழறதுக்குத்தானே கொடுத்தேன்!"

"உழத்தான் வைக்கேன், சாமி. இனிமே வயலை ஒருவாட்டி இழுத்தா ரெண்டு சால் விழும்லா!"

அதிகாரி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மேகம் கூடியிருந்தது.

"ஏ கிளியம்மா, இன்னொரு குடை கொண்டா, சீக்கிரம்!"