காரிக்கு வேர்க்காமல் போன கதை

மாடும் குளவியும் மனுஷனோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஊரிலேயே அதிகம் வேர்த்தவன் காரி என்ற எருமைக்கடா. இன்றைக்கு அவன் வம்சத்தைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அவன் நின்ற இடத்தில் தரை சேறாகிவிடும்.

அவனும் செவலை என்ற காளையும் கன்று வயதிலிருந்தே ஜோடி. ஒரே நுகத்தில் உழவன் சடையனின் ஏரை இழுத்தார்கள். ஒருவன் வராமல் மற்றவன் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்க மாட்டான். வேர்வைதான் தொல்லை. காரியின் கழுத்திலிருந்து நுகத்தடி வழுக்கி வழுக்கி இறங்கும். "உன்னைப் பிழிந்தால் ஒரு பாத்தி நனையும்டா" என்று செவலை கேலி செய்வான். காரியும் கூடச் சிரிப்பான், உள்ளுக்குள் கூசிப்போவான்.

ஒருநாள் நுகம் வழுக்கி ஏரின் கொழுமுனை செவலையின் காலைக் கிழித்தது. சடையனுக்குப் பொறுமை போய்விட்டது. சித்திரையில் ஊரே கூடி வருஷத்தின் முதல் உழவு உழும் பொன்னேர் அன்றும் நுகம் வழுக்கினால், ஜோடியைப் பிரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டான்.

பொன்னேருக்கு மூன்றே நாள் இருந்தது. காரி யாரிடமும் சொல்லாமல் குளவி வைத்தியரிடம் போனான்.

குளவி அவனைச் சுற்றிப் பறந்து பார்த்து, மூன்று வழி சொன்னது. தினமும் படிகாரத் தண்ணீர் பூசினால் மெல்ல மெல்லக் குறையும், ஆனால் மாதக்கணக்காகும். கொடுக்கால் கொட்டினால் உடனே நிற்கும், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து கொட்டு வாங்க வேண்டும். கடைசி வழி, வேர்வைத் துளைகளைக் களிமண்ணால் அடைத்துவிடுவது. அடைத்தால் அடைத்ததுதான்.

எருமைத்தோல் என்று ஊர் சொல்வதெல்லாம் சும்மா. கொட்டு என்றதுமே காரிக்கு உடம்பு நடுங்கிவிட்டது. ஒரேயடியாக அடைத்துவிடச் சொன்னான்.

"உள்ளே இருக்கிற சூடு அப்புறம் எந்த வழியாகப் போகும்?" என்று கேட்டது குளவி.

"அதை நான் பார்த்துக்கிறேன்."

என்னத்தைப் பார்த்தான், பாவம்! குளவி மூக்கு நுனியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத் துளைகளையும் அடைத்துப் பூசியது.

பொன்னேர் அன்று நுகம் இம்மியும் அசையவில்லை. ஊரே மெச்சியது. செவலைக்குக்கூட ஆச்சரியம். ஆனால் வெயில் ஏற ஏறக் காரியின் உடம்பு உள்ளே கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை வரவில்லை. கண் இருட்டியது. நுகத்தோடு, செவலையோடு, பூட்டிய ஏரோடு குட்டையைப் பார்த்து ஓடினான். கரையில் நுகத்தடி முறிந்தது. செவலை விழுந்தான், காரி தண்ணீருக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

குளவி வந்து கொடுக்கால் கிளறிப் பார்த்தது. களிமண் காய்ந்து தோலோடு தோலாகிவிட்டது என்று சொல்லித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

செவலை நொண்டிக்கொண்டே கரையில் வந்து நின்றான்.

"இழுக்கும்போது உன் வேர்வை என் தோள்மேல் தெறிக்கும். வெயிலில் எனக்கு அதுதான்டா குளிர்ச்சி. கேலி பண்ணினேனே தவிர, இதை ஒருநாளும் உன்கிட்ட சொல்லலை."

மறுநாள் காலை சடையன் செவலையை வேறொரு காளையோடு பூட்டினான். தொட்டியில் காரிக்காகக் காத்து நின்ற செவலையை அவன் அதட்டித்தான் இழுத்துப்போக வேண்டியிருந்தது.

அன்று முதல்தான் காளையையும் எருமையையும் ஒரே ஏரில் யாரும் பூட்டுவதில்லை. வெயில் ஏறினால் எருமை குட்டையில் இறங்கிவிடுகிறது. ஈரமான அந்த மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஏர் ஓடுகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.