பவளமல்லிக்கு மடி விரித்த பாசி

செடிகொடிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பாசிக்கும் வேர் இருந்தது. முழங்கால் உயரம் நிமிர்ந்து நின்று, நீலமாக ஒரு பூவும் பூத்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான பூ. அதில் பாசிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அது இருந்தது ஒரு கோயில் நந்தவனத்தில். பக்கத்திலேயே ஒரு பவளமல்லி மரம். பாவம், அதன் பூவெல்லாம் விடிவதற்குள் உதிர்ந்துவிடும். மண்ணில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது. நந்தவனத்தைப் பார்த்துக்கொண்ட பூவாயி தினமும் அவற்றைப் பெருக்கி எருக்குழியில் கொட்டுவாள்.

ஒரு சாயங்காலம் பூவாயி மரத்தடிக்கு வந்தாள்.

"ஒரு பூகூட மாலைக்கு வரலியே தாயி. நாளைக்கும் இப்படின்னா உன்னை வெட்டிட்டு அரளி வைக்கச் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய?"

மரத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு பவளமல்லி அழுதது.

"பிடிச்சு வச்சுக்கத்தான் பாக்கறேன், தங்கச்சி. காம்பு நிக்க மாட்டேங்குது."

பாசிக்கு மனசு கேட்கவில்லை. "நான் கீழ படுத்துக்கறேன்க்கா. நீ என்மேல உதிரு."

"நீ நிக்கிறது கையகல இடம். மரத்தடி முழுக்கப் படரணும்னா வேரை விடணும். பூவும் போயிடும்டி!"

பாசி தன் நீலப் பூவை ஒருமுறை பார்த்துக்கொண்டது. ஆசையாகத்தான் இருந்தது. பிறகு வேரை மண்ணிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் படர்ந்தது. பூ வாடி விழுந்தது.

காலையில் துடைப்பத்தோடு வந்த பூவாயி அப்படியே நின்றுவிட்டாள். பச்சை மெத்தை மேல் வெள்ளைப் பூக்கள். ஒன்றில்கூட மண் ஒட்டவில்லை.

"இது மண்ணுல விழலியே, மடியில இல்ல விழுந்திருக்கு!"

துடைப்பத்தை எறிந்துவிட்டுக் கூடையை எடுத்தாள். அன்றைக்குச் சாமிக்குப் பவளமல்லி மாலை.

ஆனால் வேரில்லாத பாசி உச்சிவெயிலில் கருகிச் சுருண்டது. "பூவாயி, என் தங்கச்சி போறாளே!" என்று பவளமல்லி அலறியது. பூவாயி கிணற்றடியிலிருந்து ஓடிவந்து ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

"வேர் இல்லாட்டி என்ன? உடம்பாலயே குடி, என் தங்கம்."

பாசி குடித்தது. மெல்லப் பச்சை திரும்பியது.

அன்று முதல்தான் கீழே விழுந்த பூக்களில் பவளமல்லி மட்டும் சாமிக்கு ஆகிறது. பாசியும் எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் ஒரு கை தண்ணீரில் பிழைத்துக்கொள்கிறது. அதற்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. ஆனால் விடியற்காலையில் மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள், அக்காவின் பூவையெல்லாம் அதுதான் முதலில் சூடியிருக்கும்.